கட்டிலில் ஒரு முதலாளி

அத்தியாயம் பதினான்கு

லூசிண்டா கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தபோது மணி ஏழு பத்து. வரச் சொல்லியிருந்தது ஏழுக்கு. மூன்றாவது நாளாக அதே பத்து நிமிடம்.

பத்து நிமிடத்துக்கு என்ன பெரிய ஆர்ப்பாட்டம் என்று நீங்கள் கேட்கலாம். தானாகப் புரண்டு படுக்க முடியாத ஒருத்தியிடம் போய்க் கேட்டுப் பாருங்கள். ஒடீலியா ஆறரைக்கே விழித்து, விட்டத்தைப் பார்த்தபடி, வாசலில் கார் நிற்கும் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள். கார் ஏழுக்கே வந்துவிட்டது. உள்ளே இருந்தவள் இறங்குவதற்குத்தான் பத்து நிமிடம் ஆயிற்று. அதுதான் ஒடீலியாவுக்கு எரிந்தது.

போன வாரம் விட்ட இடத்தை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். பனியில் சறுக்கிய காரில் கழுத்தெலும்பு முறிந்து பத்தொன்பது வருடமாகச் சக்கர நாற்காலியில் இருக்கும் ஒடீலியாவை ஒன்பது வருடம் பார்த்துக்கொண்ட யானிரா, புருஷனோடு ஃப்ளோரிடாவுக்குப் போய்விட்டாள். இடையில் வந்த பெண் நாற்காலிப் பட்டையைச் சரியாக மாட்டாமல் போக, ஒடீலியா சரிந்து சமையலறைத் தரையில் ஆறு மணி நேரம் கிடந்தாள். வந்து பார்த்தவன் அண்ணன் ஜெர்மானோ. அன்று சாயங்காலமே அரசின் வீட்டு உதவித் திட்ட அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிப் போட்டுவிட்டான். "என் தங்கை தன் காரியத்தைத் தானே நடத்தும் நிலையில் இல்லை. என்னை அவளுக்குப் பிரதிநிதியாகப் போடுங்கள்."

இந்தத் திட்டத்தில் உடம்பு முடியாதவர்தான் முதலாளி. உதவிக்கு ஆளை அவரே எடுக்கலாம், அவரே வேலை சொல்லித் தரலாம், பிடிக்காவிட்டால் அவரே அனுப்பலாம். சம்பளம் மட்டும் மாநில அரசு கொடுக்கும். பிரதிநிதி என்று ஒருவர் வந்துவிட்டால் அவ்வளவும் அவர் கைக்குப் போய்விடும். எத்தனை மணிக்கு எழுவது, எப்போது குளிப்பது, யார் கை மேலே படுவது, எல்லாம் ஜெர்மானோ சொல்கிறபடி. அதற்கு அடுத்த படி முதியோர் இல்லம் என்பது ஒடீலியாவுக்குத் தெரியும். அவளுக்கு வயது நாற்பத்து நான்கு.

இன்று இரண்டு மணிக்கு அலுவலகத்திலிருந்து ஆள் வருகிறது. முப்பத்தொரு வேலைகள் அடங்கிய ஒரு பட்டியல். ஒவ்வொன்றையும் ஒடீலியா சொல்லித் தந்து, உதவியாள் செய்து காட்டி, பக்கத்தில் குறி போட வேண்டும். கடைசியில் இரண்டு கையெழுத்து. கீழேயுள்ளது கற்றுக்கொண்டவருடையது: 'இவை அனைத்தையும் என் முதலாளியே எனக்குக் கற்றுத் தந்தார்.' அந்தக் கையெழுத்து விழுந்தால் அண்ணனின் கடிதம் செல்லாது. விழாவிட்டால் செல்லும்.

கையெழுத்துப் போட வேண்டியவள் லூசிண்டா. ஜெர்மானோவின் மனைவி. பதினோரு பேருக்கு ஃபோன் போட்டு ஒருத்தரும் வராமல், வேறு வழியில்லாமல் ஒடீலியா எடுத்துக்கொண்ட ஆள். நாத்தனாரின் குடுமி அண்ணியின் கையில்.

"என்ன கண்ணு, ராத்திரி நல்லாத் தூங்கினோமா?" என்று கேட்டபடி லூசிண்டா கோட்டைக் கழற்றினாள்.

"தூங்கினது நான். நீ உன் வீட்ல தூங்கின," என்றாள் ஒடீலியா. "அப்புறம், நான் கண்ணு இல்ல. பேர் இருக்கு."

லூசிண்டா சிரித்தாள். முதியோர் இல்லத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள் அவள். ஜனவரியில் அந்த இல்லத்தை மூடும்வரை தலைமை உதவியாளராக இருந்தாள். அங்கே எல்லாரும் கண்ணுதான். பேர் கேட்டு, பதில் வந்து, அதற்கப்புறம் வேலை பார்ப்பதென்றால் பொழுது போய்விடும் என்பாள். வேலை தெரியாதவளுக்குச் சொல்லித் தந்துவிடலாம். வேலை தெரிந்தவளுக்குச் சொல்லித் தருவதைப் போன்ற பாடு வேறு கிடையாது.

தூக்குகிற மெஷினை உருட்டிக்கொண்டு வந்தாள். அதில் மாட்டுகிற தூளியை எடுத்து உதறினாள். ஒடீலியா ஆரம்பித்தாள். முதலில் இடது பக்கம் திருப்ப வேண்டும், தூளியின் விளிம்பை முதுகெலும்புக்கு நேராக மடித்துச் செருக வேண்டும், அதற்கப்புறம்தான் வலது பக்கம். சொல்லி முடிப்பதற்குள் லூசிண்டாவின் கை இடுப்புக்கும் தோளுக்கும் வந்து அவளை வலது பக்கம் புரட்டிவிட்டது.

ஒடீலியாவின் இரண்டு கால்களும் வெட்டி இழுத்தன. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, இழுப்பு நிற்கும்வரை காத்திருந்தாள்.

"இடதுன்னு சொன்னேன்."

"எது முதல்ல போனா என்ன? ரெண்டு பக்கமும் போகத்தானே போறோம்."

"என் வலது தோள் முறிஞ்சு ஒட்டின தோள். அது கீழ அழுந்தினா கால் இழுக்கும். நேத்தும் சொன்னேன், முந்தாநாளும் சொன்னேன்."

தன் இல்லத்தில் எட்டு மணிக்குள் ஒன்பது பேரை எழுப்பி, கழுவி, உடுத்தி, காப்பியோடு உட்கார வைத்துவிடுவாளாம் லூசிண்டா. எல்லாரையும் வலது பக்கம்தான் திருப்பினாளாம். ஒருத்தர் வாயைத் திறந்ததில்லையாம்.

"திறந்திருந்தா நீ கேட்டிருப்பியா?" என்றாள் ஒடீலியா.

லூசிண்டாவின் முகம் இறுகியது. இடது பக்கம் திருப்பினாள். வேண்டுமென்றே மெதுவாக, கண்ணாடிச் சாமானைத் திருப்புகிற மாதிரி.

நாற்காலியில் உட்கார்ந்ததும் ஒடீலியா சுவரைப் பார்த்தாள். அங்கே ஏழு தாள்கள் ஒட்டியிருக்கும். யானிராவும் அவளும் ஒன்பது வருடமாகச் சேர்த்துச் சேர்த்துத் தடித்த பேனாவால் எழுதியவை. தூளியை மாட்டுவது ஒரு தாள், குளியல் ஒரு தாள், சிறுநீர்ப் பையை மாற்றுவது ஒரு தாள். இப்போது சுவர் மொட்டையாக இருந்தது. வீடா ஆஸ்பத்திரியா என்று சொல்லி நேற்று சாயங்காலம் லூசிண்டா எல்லாவற்றையும் பிய்த்து, சுருட்டி, ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டாள்.

திரும்ப ஒட்டச் சொன்னாள் ஒடீலியா. அலுவலக அம்மாள் வருவதற்கு முன்னால் வீட்டை லட்சணமாக வைக்க வேண்டாமா என்றாள் லூசிண்டா. ஒடீலியா குரலை உயர்த்தவில்லை. ஏழையும் ஒட்டாவிட்டால் போகிறது, சிவப்பு எழுத்துத் தாள் ஒன்றை மட்டுமாவது எடுத்துப் படி என்றாள். பட்டியலில் பதினேழாவது வேலை அதுதான். இருபத்தொன்பதுக்குக் குறி போட்டாகிவிட்டது. மதியம் அலுவலக அம்மாள் முன்னால் செய்து காட்ட வேண்டியதும், இந்தப் பதினேழும்தான் பாக்கி.

லூசிண்டா எட்டி அந்தத் தாளை எடுத்தாள். தலைப்பை மட்டும் பார்த்தாள்.

"தலைவலியா? தலைவலிக்குக்கூடத் தாளா? ஏம்மா, மாத்திரை கொடுக்கத் தெரியாமலா இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டினேன்?"

"மாத்திரை இல்ல அது. முழுசும் படி."

"படிக்கிறேன், படிக்கிறேன்," என்று சொல்லி அதை மறுபடி சுருட்டி அதே இடத்தில் வைத்தாள். ஒடீலியா பட்டியலில் பதினேழுக்கு எதிரே இருந்த கட்டத்தை வெறுமையாகவே விட்டாள். பொய்க் குறி போட அவளுக்கு மனசு வரவில்லை.

பன்னிரண்டு மணிக்கு வாசலில் எண்ணெய் லாரி வந்து நின்றது. வீடுகளுக்குக் குளிர்காய எண்ணெய் ஊற்றுகிற லாரி. அதன் டிரைவர் ஜெர்மானோ. பூட்ஸில் ஒட்டிய உப்பையும் பனிச்சேற்றையும் கூடத்தில் பதித்துக்கொண்டு, கீரையும் சோரிசோ என்கிற பன்றித் தொத்திறைச்சியும் போட்ட சூப்பை ஒரு சட்டியோடு கொண்டுவந்தான். ஒடீலியாவின் தலைக்கு மேலாகத் தன் மனைவியைப் பார்த்துக் கேட்டான்.

"சாப்ட்டாளா?"

"இன்னும் சாப்பிடலைன்னு அவன்கிட்ட சொல்லு லூசிண்டா," என்றாள் ஒடீலியா.

"ஆரம்பிச்சிட்டா," என்றான் அவன்.

சூப் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு கிண்ணம் குடித்தாள். அதன் மேல் இரண்டு டம்ளர் தண்ணீர். கிண்ணம் காலியானதும் ஜெர்மானோ ஆரம்பித்தான். இன்றைக்கு வருகிற அம்மாளிடம் ஒழுங்காக ஒத்துக்கொண்டுவிடு என்றான். யாருக்கும் அவமானம் இல்லை, கடிதத்தில் கெட்ட வார்த்தை ஒன்றும் எழுதவில்லை, எல்லாம் உன் நல்லதுக்கு என்றான்.

"என் நல்லதை என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா மானோ?"

"கேட்கணுமா? அந்தத் தரையில நீ கிடந்த கோலத்தை நான்தானே பார்த்தேன். உன் பக்கத்துல ஃபோன் அடிச்சு அடிச்சு ஓய்ஞ்சு கிடந்துச்சு. அன்னைக்கு உன் முதலாளி வேலை எங்க போச்சு? பத்தொன்பது வருஷமா ஃபோன் அடிச்சாலே எனக்கு வயித்தைக் கலக்குது. தெரியுமா உனக்கு?"

அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு நிஜமாகவே வயிற்றைக் கலக்கும். அது ஒடீலியாவுக்கும் தெரியும். தெரிந்ததால் கோபம் குறையவில்லை, கூடத்தான் செய்தது.

"வயித்தைக் கலக்கினா டாக்டரைப் பாரு. அதுக்காக என் உடம்பை எடுத்துக்காத."

ஜெர்மானோ கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனான்.

வெகுநேரம் ஒரே மாதிரி உட்கார்ந்ததில் ஒடீலியா ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாள். நேராக்கிவிடும்படி லூசிண்டாவிடம் சொன்னாள். லூசிண்டா அவளை முன்னால் சாய்த்து, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, தொடையைத் தூக்கிக் கால்சட்டையின் சுருக்கத்தை நீவினாள். அவள் கை தொடையோரத்தில் ஒரு கணம் நின்றது. ஒடீலியாவுக்கு அங்கே உணர்ச்சி கிடையாது. கண்ணால்தான் பார்த்தாள்.

"லூ, இங்க வா," என்று சமையலறையிலிருந்து ஜெர்மானோ கூப்பிட்டான்.

லூசிண்டா போனாள். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு இருவரும் பேசினார்கள். பாத்திரம் கழுவ அவ்வளவு நேரம் தண்ணீர் ஓட வேண்டியதில்லை.

இரண்டு மணி அடித்தபோது, வாசலில் நாற்காலி ஏறுவதற்காகப் போட்ட சாய்வுப் பலகை கிறீச்சிட்டது. அலுவலக அம்மாள் மார்கரீட் டூசெட். அறுபது வயது, பிறவியிலேயே கைகால் இழுப்பு, அவளும் மோட்டார் நாற்காலியில்தான் வந்தாள். பேச்சு கொஞ்சம் மெதுவாக, இழுத்து இழுத்து வரும். எங்கள் ஊரில் அவள் பேச்சு முடிவதற்குள் குறுக்கே பேசி வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

ஜெர்மானோவும் வாங்கிக் கட்டிக்கொண்டான். மார்கரீட் ஒடீலியாவிடம் மூன்று கேள்வி கேட்டாள். மூன்றுக்கும் அவன் பதில் சொன்னான். மூன்றாவதில் அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"உங்க கடிதத்தைப் படிச்சுட்டேன் மிஸ்டர் ஃபுர்டாடோ. நீங்க சொல்ல வேண்டியது எல்லாம் அதுல இருக்கு. இன்னைக்கு உங்க தங்கச்சி பேசட்டும்."

அவன் ஜன்னலோரம் போய் நின்றான்.

பரீட்சை சுலபமானது. நாற்காலியிலிருந்து கட்டிலுக்குப் போக வேண்டும். ஒடீலியா வாயால் சொல்ல வேண்டும், லூசிண்டா சொன்னதை மட்டும் செய்ய வேண்டும். சொல்லாததைச் செய்யக் கூடாது. முதலாளிக்கு வேலை சொல்லத் தெரிகிறதா என்றுதான் பார்க்க வந்திருக்கிறேன், உதவியாளுக்கு வேலை தெரியுமா என்று பார்க்க இல்லை என்றாள் மார்கரீட்.

லூசிண்டாவுக்கு இது வசதியாகப் போயிற்று. சொல்லாத ஒன்றையும் செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "மெஷினைக் கொண்டு வா" என்றால் கொண்டு வந்தாள்; "பிரேக் போடு" என்று சொல்லும்வரை அது தானாக உருள்வதை வேடிக்கை பார்த்தாள். இருபத்திரண்டு வருடத்தில் பிரேக் போடாமல் அவள் ஒரு மெஷினையும் நிறுத்தியிருக்க மாட்டாள். ஒடீலியாவுக்குப் புரிந்தது. குழாய்த் தண்ணீர் சத்தத்தில் என்ன பேசினார்கள் என்பதும் புரிந்தது. நிதானம் தப்பக் கூடாது என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

தோளுக்குக் கறுப்பு வளையம், காலுக்குப் பச்சை. கால் பட்டைகள் இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று கோத்து மாட்டு. தலை சாயாமல் ஒரு கையால் பிடி. தூக்கு. போதும். திருப்பு. இறக்கு. ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். மார்கரீட்டின் பேனா காகிதத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

முதுகு கட்டிலில் பட்டபோது நெற்றிப்பொட்டில் யாரோ ஆணி அடிப்பது போல் வலி வந்தது.

அரைமணியாக லேசாக இருந்ததுதான். பதற்றம் என்று நினைத்துவிட்டாள். இப்போது அது தலை முழுக்க இடித்தது. முகம் சிவந்து, கழுத்துவரை வியர்வை கொட்டியது. கழுத்துக்குக் கீழே கை சில்லிட்டுப் புல்லரித்தது. ஒடீலியாவுக்குச் சட்டென்று தெரிந்துவிட்டது. பதினேழு.

லூசிண்டாவும் பார்த்தாள். பார்த்தவுடன் அவள் கை பழகிய வேலையைச் செய்தது. தலையணையை உருவி எறிந்தாள், ஒடீலியாவைத் தட்டையாகப் படுக்க வைத்தாள், அந்தத் தலையணையையே காலுக்கு அடியில் கொடுத்து உயர்த்தினாள். மயக்கம் வருகிற கிழவிகளுக்கு அப்படித்தான் செய்வாள். இருபத்திரண்டு வருடத்தில் அது தப்பாகப் போனதே இல்லை.

இங்கே தப்பு. முதுகுத்தண்டு முறிந்தவர்களுக்கு, உணர்ச்சியில்லாத உடம்பில் எங்காவது அடைப்போ அழுத்தமோ வந்தால், இரத்தக் கொதிப்பு ஏறி மண்டைக்குள் இரத்தக் குழாயே வெடிக்கக்கூடிய நோய் இது. படுக்க வைக்க வைக்க ஏறும்.

"உட்கார வை," என்றாள் ஒடீலியா.

"பேசாம படு. மூச்சை இழுத்து விடு கண்ணு."

"கட்டில் பட்டனை அழுத்து. தலைப்பக்கம் மேல. முழுசா மேல."

"இதைத்தான் நான் எழுதினேன்," என்று ஜெர்மானோ மார்கரீட்டைப் பார்த்துச் சொன்னான். ஃபோனை எடுத்துவிட்டான். "பாருங்க, அவளுக்கே என்ன பேசறோம்னு தெரியல. லூ, அவ பேச்சைக் கேட்காத. படுக்கவே வை."

மார்கரீட் நாற்காலியைக் கட்டிலருகே கொண்டுவந்தாள். அவள் பேனா நின்றுவிட்டது. ஒடீலியாவின் முகத்தை மட்டும் பார்த்தாள். "ஒடீலியா, நான் சொல்லவா, நீங்க சொல்றீங்களா?"

"நான்." கண்ணைத் திறந்தால் வெளிச்சம் குத்தியது. மூடிக்கொண்டே பேசினாள். "லூசிண்டா. நீ படிக்காத தாள் இது. என்னைப் படுக்க வெச்சா நான் செத்துப்போவேன். இது வயசானவங்களுக்கு வர்ற மயக்கம் இல்ல. பட்டனை அழுத்து."

லூசிண்டா நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள். சிவப்பு நீலமாகத் திரும்பத் தொடங்கியிருந்தது. இப்படி ஒரு முகத்தை அவள் இல்லத்தில் பார்த்ததில்லை.

"லூ, விடுங்கிறேன்," என்றான் ஜெர்மானோ.

"வாயை மூடு," என்றாள் லூசிண்டா. பட்டனை அழுத்தினாள்.

தலைப்பக்கம் மேலே வந்தது. அடுத்தது காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடச் சொன்னாள் ஒடீலியா. விட்டாள். இடுப்புப் பெல்ட்டையும் காலுறையையும் தளர்த்தச் சொன்னாள். தளர்த்தினாள். ஃபோனோடு நின்ற அண்ணனிடம், இரண்டு நிமிடத்தில் குறையாவிட்டால் ஆம்புலன்ஸைக் கூப்பிடு என்றாள். பிறகு மறுபடி அண்ணியிடம் திரும்பினாள்.

"சிறுநீர்க் குழாயைப் பாரு. மேலேர்ந்து பை வரைக்கும் கையால தடவிட்டே போ."

லூசிண்டா தடவவில்லை. கை நேராகத் தொடைக்கு அடியில் போயிற்று. அங்கே குழாய் மடிந்து, உடம்பின் கனத்தில் நசுங்கியிருந்தது. விரலால் நிமிர்த்தினாள். காலில் கட்டியிருந்த பை சரசரவென்று நிறைய ஆரம்பித்தது. அவ்வளவு சூப்பும் தண்ணீரும்.

கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்த்தார்கள். நூற்றுத் தொண்ணூற்றெட்டு. ஒடீலியாவுக்கு வழக்கமாகத் தொண்ணூறுதான் இருக்கும். ஒரு நிமிடம் கழித்து நூற்று அறுபது. அப்புறம் நூற்று இருபது. ஆணி அடிப்பது மெல்ல மெல்ல நின்றது. ஜெர்மானோ ஃபோனைப் பாக்கெட்டில் போடத் தெரியாமல் இரண்டு தடவை தவறவிட்டான்.

கால்மணி நேரம் அழுத்தம் மறுபடி ஏறுகிறதா என்று பார்த்தார்கள். பிறகு மார்கரீட் பட்டியலைக் கட்டிலின் மேல் வைத்தாள். பதினேழுக்கு எதிரே இருந்த கட்டத்தை விரலால் காட்டினாள். ஒடீலியா கையில் மாட்டிய வார்ப்பட்டையில் செருகிய பேனாவால் அதில் குறி போட்டாள். கையெழுத்தும் போட்டாள். கோணலாக, ஆனால் தெளிவாக.

"நீ போடாத," என்றான் ஜெர்மானோ மனைவியிடம். "சொல்லியா தந்தா? சாகக் கிடந்து உளறினா. நாளைக்கு நீ இல்லாத நேரத்துல வந்தா என்ன பண்ணுவா? போட்டேன்னா உன் மேலதான் பழி விழும்."

லூசிண்டா பேனாவை வாங்கினாள். காகிதத்தை நெடுநேரம் பார்த்தாள். இந்தத் தடவை கடைசி வரிவரை படித்தாள்.

"எனக்குத் தெரியாததை அவ சொல்லித் தந்தா," என்றாள். "நான் தெரியும்னு நினைச்சது தப்பு." கையெழுத்துப் போட்டாள்.

ஜெர்மானோ வெளியே போனான். லாரி கிளம்பும்போது தெருமுழுக்க அதிர்ந்தது. பிரதிநிதி தேவையில்லை என்று எழுதப்போவதாக மார்கரீட் சொன்னாள். இன்று ராத்திரி படுக்க வைக்க ஆள் உண்டா என்று கேட்டாள். பார்த்துக்கொள்கிறேன் என்றாள் ஒடீலியா. காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு மார்கரீட் சாய்வுப் பலகையில் இறங்கிப் போனாள்.

இருவரும் தனியானார்கள்.

"என்னை நாற்காலில உட்கார வை," என்றாள் ஒடீலியா.

லூசிண்டா உட்கார வைத்தாள். இடது பக்கம் முதலில். பிரேக், கறுப்பு, பச்சை, எல்லாம் சொல்லாமலே. உட்கார வைத்த பிறகு குழாயை மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தாள். சாய்வு, பட்டை, கால் பலகை எல்லாம் சரியாக இருப்பதை ஒடீலியாவும் பார்த்துக்கொண்டாள். அதற்கப்புறம்தான் கேட்டாள்.

"மத்தியானம் நேராக்கி விட்டியே, அப்ப உன் கை அந்த இடத்துல நின்னுச்சு. இப்ப நேரா அங்கயே போச்சு. குழாய் மடிஞ்சிருக்குன்னு உனக்கு முன்னாடியே தெரியும்."

லூசிண்டா கீழே பார்த்தாள்.

"தெரியும்," என்றாள். "சரி பண்ணத்தான் போனேன். உன் அண்ணன் கூப்பிட்டான். அந்த அம்மா முன்னாடி நீ கொஞ்சம் தடுமாறினா போதும்னான். குழாய் மடிஞ்சா எங்க இல்லத்து ஆளுங்களுக்குத் துணி நனையும், அவ்வளவுதான். அந்த அம்மா முன்னாடி நனைச்சுக்குவே, அவமானத்துல வாய் அடங்கும்னு நினைச்சேன். அவனுக்குக் குழாய் விஷயம் தெரியாது. அது என்னோட வேலை. உயிருக்கு வரும்னு சத்தியமாத் தெரியாது ஒடீலியா."

முதல் முறையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"தாள்ல இருந்துச்சு," என்றாள் ஒடீலியா.

"படிக்கல."

"சாவியை மேஜை மேல வை. நாளைலேர்ந்து வேலைக்கு வர வேண்டாம்."

கையெழுத்து வாங்கும்வரை வாயைத் திறக்காமல் இருந்து, நாற்காலியில் வசதியாக உட்கார்ந்துகொண்டு அப்புறம் ஆளை அனுப்புவது தந்திரம் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். கைகால் ஆடாதவளுக்குத் தந்திரமும் இல்லையென்றால் வேறு என்ன இருக்கிறது?

லூசிண்டா அதிர்ந்து போனாள். கோபம் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் விழுங்கினாள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேலும் உட்கார்ந்திருந்தால் தோல் பிய்ந்துவிடும், போன வருடம் அந்தப் புண்ணோடு மூன்று மாதம் குப்புறக் கிடந்ததை மறந்துவிட்டாயா என்று கேட்டாள்.

"யாரு உன்னைப் படுக்க வைப்பா?"

"ஆள் தேடறது முதலாளி வேலை. உன் வேலை இல்ல."

லூசிண்டா சாவியை மேஜை மேல் வைத்தாள். ஃப்ரிட்ஜ் மேலிருந்து ஏழு தாள்களையும் எடுத்து, ஒவ்வொன்றாகச் சுவரில் ஒட்டினாள். சிவப்புத் தாளை ஒட்டும்போது அதை நின்று முழுவதும் படித்தாள். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு போனாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கார் கிளம்பும் சத்தம் கேட்கவில்லை.

ஐந்து இருபதுக்கு ஃபோன் அடித்தது. ஒடீலியா மணிக்கட்டால் அழுத்தி எடுத்தாள்.

"வாசல்ல கார்லதான் இருக்கேன்," என்றது லூசிண்டாவின் குரல். "ஒன்பது மணி வரைக்கும் இருப்பேன். கூப்பிட்டா வந்து படுக்க வெச்சுட்டுப் போறேன், சம்பளம் வேண்டாம். கூப்பிடலைன்னா போயிடறேன்."

ஒடீலியா ஃபோனை வைத்துவிட்டாள். ஜன்னல் வழியாகக் காரின் கூரை தெரிந்தது, அதன் மேல் புதுப் பனி விழ ஆரம்பித்திருந்தது. அவள் பார்வையை விலக்கிக்கொண்டு, மேஜையில் இருந்த பதினோரு பேர்கள் கொண்ட காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தாள். ஒன்பதுக்கு இன்னும் மூன்று மணி நாற்பது நிமிடம் இருந்தது. விரல் முட்டியால் முதல் எண்ணை அழுத்தினாள்.